மாதுளையின் நிறம்: பாதி அரங்கு ஏன் எழுந்து போனது?

கேள்வி இது: கும்பகோணத்தில் ஒரு திரைப்படக் குழு சோவியத் இயக்குநர் பரஜானவின் 'மாதுளையின் நிறம்' படத்தைத் திரையிட்டது. "ஒரு மாபெரும் கவிஞரைப் பற்றிய படம்" என்று போஸ்டர் அடித்திருந்தார்கள். இருபது நிமிடத்துக்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் சிலர் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று நெகிழ்ந்துபோனார்கள். தமிழாசிரியர் ஒருவர் "இதில் கவிதை எங்கே இருக்கிறது?" என்று கோபமாகக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் மன்னார்குடியில் இதையே போடலாமா, விட்டுவிடலாமா?

தாராளமாகப் போடலாம். போஸ்டரை மட்டும் மாற்றிவிட்டுப் போடுங்கள்.

"கவிஞரைப் பற்றிய படம்" என்று எழுதிய இடத்திலேயே பாதிக் காரியம் கெட்டுவிட்டது. நம் ஊரில் அப்படிச் சொன்னால் மனசுக்குள் ஒரு வரிசை தானாக ஓடும். பிறப்பு, வறுமை, கல்யாணம், ஆளுகிறவர்களோடு தகராறு, நடுநடுவே அவர் பாட்டு ஐந்தாறு, கடைசியில் சாவு, தியேட்டரில் விசும்பல். அதற்கென்று வந்து உட்கார்ந்தவர் முன்னால் வெள்ளைத் துணியில் மூன்று மாதுளம்பழம் சிவப்பாகக் கசிகிறது. டைட்டில் போலிருக்கிறது என்று காத்திருப்பார். அடுத்து ஒரு கத்தி. அடுத்து, எழுத்து செதுக்கிய கல்லின் மேல் திராட்சைக் குலையை நசுக்கும் வெறுங்கால். பத்து நிமிடம் போயும் கதை ஆரம்பிக்கவில்லை என்றால் சாப்பாடு உண்டு என்று அழைத்துவிட்டு இலை போடாத மாதிரிதான் அவருக்கு இருக்கும். எழுந்து போனதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

இந்தச் சண்டை கும்பகோணத்தில் தொடங்கியதும் இல்லை. செர்கேய் பரஜானவ் 1924-இல் ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசியில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். ஆர்மீனியாவின் அரசுத் திரைப்பட நிலையத்துக்காக இந்தப் படத்தை எடுத்தபோது அதற்கு 'சயாத் நோவா' என்று கவிஞரின் பெயரையே வைத்திருந்தார். சோவியத் அதிகாரிகள் சொன்ன குறையும் கிட்டத்தட்ட உங்கள் தமிழாசிரியர் சொன்னதுதான்: இதைப் பார்த்து அந்தக் கவிஞரைப் பற்றி யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது, ஆகவே அவர் பெயர் படத்தில் இருக்கக் கூடாது. பெயர் போயிற்று. அத்தியாயத் தலைப்பு அட்டைகளிலிருந்தும் போயிற்று. 1969-இல் ஆர்மீனியாவில் 'மாதுளையின் நிறம்' என்று வெளியானது. மற்றக் குடியரசுகளில் ஓட்டுவதற்காக செர்கேய் யூத்கேவிச் என்ற மூத்த இயக்குநர் அதை வெட்டி, சில இடங்களை முன்பின் மாற்றி, 'புரியும்படி' ஆக்கினார். பரஜானவ் 1973 கடைசியில் கைதாகி நான்கு வருடம் சிறையில் இருந்தது தனிக் கதை. அதை அரங்கில் நீட்டிப் பேசினால் படம் தியாகி வரலாறாக மாறிவிடும். அதிகாரிகள் செய்தது அடாவடிதான். ஆனாலும் போஸ்டருக்கு என்று பார்த்தால் மாதுளைத் தலைப்புதான் பொருத்தம். பழத்தின் பெயரைப் படித்துவிட்டு வருகிறவர் பழத்தைப் பார்த்தால் ஏமாற மாட்டார்.

போஸ்டரில் மூன்றே மூன்று செய்தி போதும். 78 நிமிடம். வசனம் கிட்டத்தட்ட கிடையாது. கதை கிடையாது; ஒரு கவிஞரின் மனசுக்குள் இருந்த காட்சிகள் வரிசையாக வரும். படமே தொடக்க அட்டையில் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது, வாழ்க்கை வரலாற்றை இங்கே தேடாதீர்கள் என்று. அந்த அட்டை தமிழில் இல்லாததால் உங்கள் அரங்கில் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

எந்தப் பிரதியைப் போட்டீர்கள் என்று கேள்வியில் இல்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓட்ட நேரம் 73 நிமிடம் என்றால் அது யூத்கேவிச் வெட்டியது. 78 நிமிடத்தை ஒட்டி வந்தால் ஆர்மீனியப் பிரதி. மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய திரைப்பட அறக்கட்டளையும் பொலோஞா நகரத்துத் திரைப்படக் காப்பகமும் சேர்ந்து புதுப்பித்து, 2014-இல் கான் திரைப்பட விழாவில் காட்டியது இந்த ஆர்மீனியப் பிரதியைத்தான். உரிமை வைத்திருப்பவரிடம் எழுதிக் கேட்டு அந்தப் புதுப்பித்த பிரதியை வாங்குங்கள். வெட்டிய பிரதி எளிமையாக இருக்கும் என்று நினைத்து அதைப் போடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அதுதான் ஆளை அதிகம் குழப்பும். விளக்கம் வரப்போகிறது என்று ஆசை காட்டும், ஆனால் விளக்காது. இணையத்தில் சுற்றும் பழைய வீடியோக்களில் வேறொரு கேடு. சிவப்பு பழுப்பாகவும் வெள்ளைத் துணி மஞ்சளாகவும் வெளுத்துக் கிடக்கும். நிறத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிற படத்துக்கு நிறம் போனால் என்ன மிச்சம்?

அடுத்தது ப்ரொஜெக்டர். இங்கேதான் முக்கால்வாசி சிறு ஊர்த் திரையிடல்கள் சறுக்குகின்றன, யாரும் கவனிப்பதும் இல்லை. இந்தப் படம் கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று என்ற பழைய சட்டத்தில் எடுத்தது. இப்போதுள்ள அகலத் திரையில், பத்து அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், படம் ஏறக்குறைய ஏழரை அடிக்குத்தான் விழும். இரண்டு பக்கமும் ஒன்றேகால் அடி கறுப்பு நிற்கும். அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு ஆபரேட்டர் "சார், ஃபுல் ஸ்க்ரீன் பண்ணிடட்டுமா?" என்று கேட்பார். கேட்காமலே பண்ணியும் விடுவார். இழுத்து நிரப்பினால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவார்கள், மாதுளை பறங்கிக்காய் ஆகிவிடும். ஜூம் செய்து நிரப்பினால் மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் வெட்டுப்படும். சாதாரணப் படத்தில் அதனால் கொஞ்சம் கூரையும் தரையும்தான் போகும். இதில் பரஜானவ் சட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு தேவதையையும் கீழ் ஓரத்தில் ஒரு சங்கையோ கிண்ணத்தையோ வைத்திருப்பார். தஞ்சாவூர் ஓவியத்தில் மேலே பறக்கும் கந்தர்வர்களையும் கீழே இருக்கும் பீடத்தையும் கத்தரித்துவிட்டு கிருஷ்ணன் முகத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும்.

ப்ரொஜெக்டரில் 'டைனமிக்' என்ற அமைப்பு இருந்தால் அணைத்துவிட்டு 'சினிமா' அமைப்பில் வையுங்கள். டைனமிக்கில் சிவப்பு எரியும், கறுப்பு சாம்பலாகும். ஜன்னலுக்குச் சாக்குத் துணியோ கறுப்புத் துணியோ கட்டிவிடுங்கள். கல்லூரி அரங்குகளில் மேல் ஜன்னலை எப்போதும் மறந்துவிடுவார்கள். ஒலிக்கு இரண்டு ஸ்பீக்கர், திரைக்கு அருகே, காது உயரத்தில். திக்ரான் மன்சூரியான் அமைத்த ஒலியில் பாதி இசையே கிடையாது. தண்ணீர் சொட்டுவது, துறவிகள் மாதுளையைக் கடிக்கிற நறுக் நறுக், கல் மேல் கல் உரசுவது. சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் இதெல்லாம் காணாமல் போகும். பிறகு மிஞ்சுவது அசையாத படம்தான். "ரொம்ப ஸ்லோ" என்ற குறை பல சமயம் மின்விசிறியின் குறைதான். சித்திரை வெயிலில் போடாமல் தை, மாசியில் போட்டால் விசிறியைக் குறைத்து வைக்கலாம்.

சப்டைட்டிலைத் தமிழில் நீங்களே செய்யுங்கள். வசனம் அநேகமாக இல்லாததால் வேலை குறைவுதான். அத்தியாய அட்டைகள், பின்னணிக் குரல் சொல்லும் சில வரிகள், அவ்வளவே. ஆங்கில சப்டைட்டில் கோப்பை (எஸ்.ஆர்.டி.) திறந்து வரிகளைத் தமிழாக்கி, சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் திரை முழுக்கக் கேள்விக்குறியும் கட்டமும்தான் ஓடும். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு வரிக்கு முப்பத்தைந்து எழுத்துக்கு மேல் வேண்டாம், ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், நான்கு விநாடியாவது நிற்கட்டும். மொழிபெயர்க்கும்போது "அந்தோ", "ஏங்கினேன் யான்" என்று கிளம்பிவிடாதீர்கள். என் வாழ்வும் உயிரும் வேதனை என்று குரல் சொன்னால் அதை அப்படியே போட்டுவிட்டு விலகுங்கள். எழுத்து படத்தின் மேல் விழாமல் இருக்க, படத்தைக் கொஞ்சம் மேலேற்றிக் கீழே அரை அடி கறுப்பு விட்டால் நல்லது.

இனி அந்தக் கவிஞர் யார் என்பது. படம் தொடங்குமுன் எட்டு நிமிடம் பேசுங்கள், பத்தைத் தாண்டாதீர்கள். 'சர்ரியலிசம்', அதாவது கனவு மாதிரி காட்டும் கலைமுறை, என்ற சொல்லை மேடையில் எடுக்கவே வேண்டாம். கேட்டதும் பாதிப் பேர் "நமக்கு இல்லை இது" என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். மீதிப் பேர் எதைப் பார்த்தாலும் கனவு என்று தலையாட்டுவார்கள். சொல்ல வேண்டியது வேறு. சயாத் நோவா 1712-இல் பிறந்தவராகச் சொல்லப்படுகிறவர். ராம நாடகம் பாடிய நம் சீர்காழி அருணாசலக் கவிராயர் 1711. அதாவது ஒரு வயது வித்தியாசம். சின்ன வயசில் நெசவு கற்றவர் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. அந்நாட்டில் 'அஷுக்' என்று ஒரு பாணர் மரபு உண்டு; பாட்டு எழுதுவது, மெட்டமைப்பது, பாடுவது, வாசிப்பது எல்லாம் ஒரே ஆள். கையில் கமாஞ்சா, முழங்கால் மேல் நிமிர்த்தி வைத்து வில்லால் இழுக்கும் தந்தி வாத்தியம். ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்லேயின் அவையில் பாடினார். ஆர்மீனியம், ஜார்ஜியம், அசர்பைஜான் துருக்கி என்று மூன்று மொழியில் பாடினார். இதைச் சொன்னால் தஞ்சாவூர்க்காரருக்கு வியப்பே வராது. அதே காலத்தில் இங்கே மராட்டிய அரண்மனையில் தமிழ், தெலுங்கு, மராட்டி, சம்ஸ்கிருதம் எல்லாம் ஒரே சபையில் ஒலித்துக்கொண்டிருந்தது. பிறகு அவைப் பதவி போயிற்று. அரச குடும்பத்துப் பெண் மேல் காதல் என்று கதை சொல்வார்கள். பாதிரியார் ஆனார், ஹக்பாத் மடத்தில் இருந்தார், 1795-இல் ஆகா முகமது கானின் பாரசீகப் படை வந்தபோது கொல்லப்பட்டார். இவ்வளவுதான் கதை. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பார்வையாளர் கதையைத் தேடி அலையமாட்டார். புராணம் தெரிந்தவர் கூத்து பார்க்க உட்கார்ந்த மாதிரி, அடுத்து என்ன என்ற பதற்றம் இல்லாமல் எப்படி என்று பார்ப்பார்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இளைஞனான கவிஞராக நடிப்பதும் அவர் காதலியாக நடிப்பதும் ஒரே பெண், சோஃபிகோ சியாவுரேலி என்ற ஜார்ஜிய நடிகை. கன்னியாஸ்திரீ, தேவதை என்று இன்னும் சில வேடமும் அவரே. காதலி பின்னல் துணியை முகத்துக்கு முன் தூக்கிப் பிடித்து விலக்குவார். அடுத்த காட்சியில் அதே கண், அதே மூக்கோடு கவிஞர் நம்மை நேரே பார்ப்பார். சொல்லாமல் விட்டால் இருபதாம் நிமிடம் ஆட்கள் கிளம்புவது அநேகமாக இங்கேதான். "யார் யாருன்னே தெரியல." சொல்லிவிட்டால் அதுவே ரசிக்கிற இடமாகிவிடும். வைகாசியில் மெலட்டூர் பாகவத மேளாவில் மீசையை மழித்துக்கொண்டு ஆண்கள் லீலாவதியாக வந்து அழும்போது யாரும் யார் யாரென்று கேட்பதில்லை. வேஷம் என்றால் வேஷம்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம். ஒரே அரங்கில் ஒரு பாதிக்கு இது வதை, மறு பாதிக்கு இது தரிசனம். ஏன்? படித்தவர், படிக்காதவர் என்று பிரித்துவிட்டுப் போவது சோம்பேறித்தனம். எழுந்து போனவர்களில் பட்டதாரிகள் நிறைய இருந்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் எந்தப் பார்வையைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார் என்பதில் இருக்கிறது விஷயம்.

ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். மலைபோல லிங்கம், அதன் மேல் மூட்டை மூட்டையாக வடித்த சோறு, மேலே காய்கறியும் பழமும். வெளியூர்க்காரர் ஒருவரிடம் போட்டோ மட்டும் காட்டினால் இதைவிட சர்ரியலான காட்சி உலகத்தில் உண்டா என்பார். ஜனம் மணிக்கணக்கில் நிற்கிறது. "இதுக்கு என்ன அர்த்தம்? கதை எப்போ நகரும்?" என்று யாரும் கேட்பதில்லை. சாதாரணப் பிரதோஷத்தில்கூடப் பாருங்கள்: பால், தயிர், இளநீர், சந்தனம், விபூதி. ஒவ்வொன்றாக வழியும். எதிரே இருக்கிற உருவம் அசையாது. நாம் நேர் எதிரே நிற்கிறோம். நிறம் மாறுகிறது, பளபளப்பு மாறுகிறது, முகம் மாறிய மாதிரி இருக்கிறது. திரை போடுகிறார்கள், உள்ளே மணி கேட்கிறது, திரை விலகுகிறது, அலங்காரம், கற்பூரம். பரஜானவின் படம் அப்படியே இந்த இலக்கணத்தில் ஓடுகிறது. கேமரா நகராது. ஆட்கள் நேரே பார்ப்பார்கள். ஒரு பொருள், ஒரு செய்கை, வெட்டு. அடுத்த பொருள். அவர் இதை எடுத்தது நம் கோயிலிலிருந்து இல்லை. ஆர்மீனியச் சுவடிச் சித்திரங்களிலிருந்து, அதாவது கையெழுத்துப் பைபிள்களில் தீட்டிய சிறு ஓவியங்களிலிருந்தும், மாதா கோயில் சடங்கிலிருந்தும். ஆனால் அதைப் பார்ப்பதற்கான கண் டெல்டாக்காரரிடம் ஏற்கெனவே இருக்கிறது. சினிமாவுக்குப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார், அவ்வளவுதான். நெகிழ்ந்துபோனவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கண்ணோடு உட்கார்ந்தவர்கள்.

ஒரு காட்சியைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இது விளங்கும். கவிஞரின் சிறு வயது. இடி, மழை. மடத்துப் புத்தகங்கள் நனைந்துவிட்டன. தடித்த தோல் அட்டைப் புத்தகங்களை அடுக்கி மேலே கல்லை ஏற்றி அழுத்துகிறார்கள். பக்கங்களுக்குள்ளிருந்து தண்ணீர் பிதுங்கி ஓடுகிறது. பாதிரியார் பையனிடம், புத்தகத்தைப் பத்திரமாகக் காப்பாற்ற வேண்டும், படிக்க வேண்டும், அதுதான் உயிர் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். பையன் தன்னைவிடப் பெரிய புத்தகத்தைச் சுமந்துகொண்டு ஏணியேறுகிறான். கூரை முழுக்கப் புத்தகம் விரித்துக் காயவைத்திருக்கிறது. காற்று வருகிறது. நூறு புத்தகங்கள் ஒரே நேரத்தில் தானே புரட்டிக்கொள்கின்றன. நடுவில் பையன் படுத்திருக்கிறான். சத்தம் தாள்கள் படபடக்கும் சத்தம் மட்டும்.

இதைக் குறியீடு என்று தொடங்கினால் 'அறிவின் உயிர்த்தெழுதல்' என்று என்னவோ வரும். மன்னார்குடியில் அதற்கு அவசியமே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் போன மறுநாள் ரேஷன் கார்டையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் மொட்டைமாடியில் கல் வைத்துக் காயப்போட்ட ஊர் அது. ஈரத்தாள் காய்ந்தால் எப்படி நெளியும், காற்றில் எப்படிக் கரகரக்கும் என்று அந்த ஜனத்துக்குக் கையே சொல்லும். அந்தக் கையோடு பார்த்தால் போதும். இது நிஜமான ஈரம், நிஜமான வெயில்.

அதேபோலச் சாயப் பட்டறைக் காட்சி. கொதிக்கும் கொப்பரையிலிருந்து கம்பளி நூலைக் கழியால் தூக்கிப் பிழிந்து தொங்கவிடுகிறார்கள். சொட்டுச் சொட்டாக நிறம் தட்டில் விழுகிறது. திருபுவனத்துப் பட்டு நெசவாளி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். அவருக்கு அது சர்ரியலா, செவ்வாய்க்கிழமை வேலையா?

படத்தில் வினோதம் என்று தோன்றுவதில் பெரும்பகுதி இப்படித்தான், எங்கோ நிஜமாக நடந்த வேலை. கடைசிப் பகுதியில் ஒரு கொத்தனார் சுவர் உச்சியில் நின்று மண்பானைகளைச் சுவருக்குள் பதித்துக்கொண்டே கீழே நிற்கும் கவிஞரிடம் "பாடு" என்கிறார், பிறகு "செத்துப்போ" என்கிறார். பானையை ஏன் சுவரில் வைக்கிறார் என்று தெரியாதவருக்கு இது பைத்தியக்காரத்தனம். பழைய மாதா கோயில்களில் பாட்டு நன்றாக ஒலிப்பதற்காகச் சுவரில் வெறும் பானைகளைப் பதிப்பது வழக்கம். தெரிந்ததும் காட்சி உறைக்கிறது: அவர் குரலைக் கேட்பதற்குச் சுவரே காது வைத்துக் கட்டப்படுகிறது, அவர் சாகப்போகிறார். திருச்சபைத் தலைவரின் மரணத்தின்போது கோயிலுக்குள் ஆட்டு மந்தை வெள்ளமாகப் புகுவதை வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மேய்ப்பர், மந்தை என்று ஞாயிறுதோறும் கேட்கிறவர்கள். இந்த மாதிரி ஐந்தாறு குறிப்புகளை ஒரே பக்கத்தில் அச்சடித்து வாசலில் கொடுங்கள். அத்தியாய வரிசையும் அதில் இருக்கட்டும்: பிள்ளைப் பருவம், இளமை, அரசவை, மடம், கனவு, முதுமை, மரண தேவதை, மரணம். "இப்போது எங்கே இருக்கிறோம்" என்று தெரிந்தால் மனுஷன் பொறுமையாக இருப்பான்.

எழுந்து போனவர்களைவிட எனக்குக் கவலை தருவது இன்னொரு கூட்டம். படம் முடிந்ததும் எழுந்து, மாதுளை என்றால் ரத்தம், மீன் என்றால் கிறிஸ்து, கம்பளம் என்றால் தேசம் என்று அகராதி ஒப்பிக்கிறவர்கள். முதல் காட்சியில் மாதுளைச் சாறு பரவும் வடிவம் பழைய ஆர்மீனியாவின் வரைபடம் போல இருக்கிறது என்று பலரும் சொல்வதுண்டு. இருக்கட்டும். அது தெரிந்துவிட்டதால் அந்தச் சாறு துணியின் நூலிழைகளுக்குள் ஊர்ந்துபோவதைப் பார்க்காமல் விட்டால் நஷ்டம் யாருக்கு? எழுந்து போனவர் படத்தைப் பார்க்கவில்லை, இவரும் பார்க்கவில்லை. முன்னவர் அதை ஒப்புக்கொள்கிறார்.

தமிழாசிரியருக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறது. அவர் கோபத்தில் பாதி நியாயம். சயாத் நோவாவின் பாடல்கள் படத்தில் துணுக்குகளாகத்தான் வருகின்றன. பாடல் சுவைக்க வந்தவருக்குப் பசி அடங்காது. ஆனால் பாட்டின் கட்டுமானம் உள்ளே இருக்கிறது. அஷுக் பாடல்களில் கடைசிக் கண்ணியில் கவிஞர் தன் பெயரைப் போட்டு முடிப்பார். சம்பந்தர் திருக்கடைக்காப்பில் தன் பேரையும் காழியையும் வைத்து முடிப்பதைப் பாடம் நடத்துகிறவருக்கு இது உடனே பிடிபடும். திருவையாற்றில் தியாகராஜ முத்திரை கேட்டவருக்கும்தான். இரண்டாவது, பல்லவி. படத்தில் சில உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: மாதுளை, பின்னல் துணி, சிறுவனாக இருந்த அந்தக் கவிஞர். ஒவ்வொரு தடவையும் சுற்றியிருப்பது மாறியிருக்கும். சரணம் பாடிவிட்டுப் பல்லவிக்கு வரும்போது அதே வரி வேறு கனத்தோடு கேட்கும், இல்லையா, அதேதான். சயாத் நோவாவின் பாடல்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. அந்த ஆசிரியரையே அழைத்து, இரண்டு பாடலை எளிய தமிழில் பெயர்த்து, படத்துக்கு முன் வாசிக்கச் சொல்லுங்கள். சண்டைக்காரரை மேடையேற்றுவது நம் ஊரில் நன்றாகவே வேலை செய்யும்.

எச்சரிக்கை ஒன்று. மரணக் காட்சியில் கவிஞரைச் சுற்றி மெழுகுவர்த்திகள், வெள்ளைக் கோழிகள் விழுந்து துடிக்கும். அது தந்திரக் காட்சி மாதிரி தெரியாது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் மனசு தாங்காதவர்களுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் பிறகு நடக்கும் பேச்சு முழுவதும் கோழியைப் பற்றியே இருக்கும்.

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். மாலை ஏழு மணிக்குத் தொடங்கி, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடித்து ஏழரைக்குப் படம் போட்டால், எட்டுக்கு எழுந்து போகிறவர் கலையை வெறுத்தா போகிறார், வலங்கைமான் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறாரா என்று உங்களால் சொல்ல முடியாது. கிராமத்துக்குக் கடைசி நகரப் பேருந்து போய்விட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டியது அவர்தான். ஐந்தேமுக்காலுக்குத் தொடங்குங்கள். பொன்னாடை வேண்டாம். இடைவேளை விடாதீர்கள், டீயை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். முதல் பதினைந்து நிமிடம் பிடிக்காதவர் சத்தமில்லாமல் போவதற்குப் பின் கதவைத் திறந்து வைத்து, அந்தப் பக்கத்து விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். போக வழி இருக்கிறது என்று தெரிந்தால் பலர் போகமாட்டார்கள்.

ஏழேகாலுக்குப் படம் முடியும். "என்ன புரிந்தது?" என்று ஆரம்பிக்காதீர்கள். பரீட்சை ஹால் மாதிரி எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள், அகராதிக்காரர் ஒருவர் மட்டும் எழுவார். "எந்தப் பொருள் மறுபடியும் வந்தது? எந்தச் சத்தம் நினைவில் இருக்கிறது?" என்று கேளுங்கள். இதற்குச் சரி, தப்பு கிடையாது. சாயப் பட்டறைக்காரரும் பேசுவார், ப்ளஸ் டூ பெண்ணும் பேசுவாள். பிடிக்காதவரைப் பிடிக்கவைக்க முயலாதீர்கள். எந்த இடத்தில் கவனம் போயிற்று என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த ஊருக்கு உதவும். முக்கால் மணி நேரம் போதும். கடைசியில், யாரும் எழுமுன், விளக்கை மறுபடி அணைத்து அந்த மாதுளைக் காட்சியிலிருந்து ஐந்து நிமிடம் மட்டும் திரும்ப ஓட்டுங்கள். முதல் தடவை டைட்டில் என்று நினைத்துக் காத்திருந்தவர்கள் இந்தத் தடவை என்ன செய்கிறார்கள் என்று பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். எட்டேகாலுக்கு மேல் அரங்கை நீட்டாதீர்கள். எட்டரை பஸ் இருக்கிறது.